ஓடுகிற வண்டியில் சாவி கழன்று விழுந்தால்

பைக் சாவி தொலைந்தது என்றால், வண்டியை நிறுத்திவிட்டுப் போன இடத்தில் எங்கேயோ தவறிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலிருந்தே சாவி கழன்று ரோட்டில் விழும் என்பது பலருக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய வண்டிகளில் இது நடக்கும். விழுந்த பிறகும் இன்ஜின் நிற்காது. சுவிட்சைத் திருப்பத்தான் சாவி வேண்டும். ஒரு தடவை 'ஆன்' பக்கம் திரும்பிவிட்டால் அது பாட்டுக்கு அப்படியே நிற்கும். அதனால் சாவி எந்த இடத்தில் விழுந்தது என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

எனக்கு இது நடந்தது சிறுமலையில். திண்டுக்கல்லிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவுகள். மலை வாழைப்பழம் வாங்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தோம், பின்னால் அக்கா மகன். அடிவாரத்தில் வனத்துறை செக்போஸ்ட் பக்கம் வண்டியை மெதுவாக்கியபோது அவன்தான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, சாவி எங்க மாமா?" என்றான். சாவித் துவாரம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் நியூட்ரல் விளக்கு பச்சையாக எரிகிறது, இன்ஜின் ஓடுகிறது. அந்த வளையத்தில் வீட்டுச் சாவியும் இருந்தது.

வந்த வழியே திரும்பி மெதுவாக ஏறிப் பார்த்தோம். ரோடு பெயர்ந்து ஜல்லி கிடக்கிற இடங்களிலும் வளைவுகளின் உள் ஓரத்திலும்தான் முதலில் தேட வேண்டும். குலுங்கும்போதுதான் சாவி நழுவும். கிடைக்கவில்லை. பொழுது சாய ஆரம்பித்ததும் செக்போஸ்ட்டில் இருந்தவரிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

இந்த நிலைமையில் பெரும்பாலானவர்கள் பயப்படுவது, 'இன்ஜினை அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாதே' என்று. அப்படி இல்லை. சுவிட்ச் ஆனில்தான் இருக்கிறது, உதைத்தால் ஓடும். அதனால் பதறிக்கொண்டு விரட்ட வேண்டியதில்லை. வலது கைப்பிடியில் கில் சுவிட்ச் இருக்கும் வண்டி என்றால் அதை அமுக்கி நிறுத்தலாம். அது இல்லாத பழைய வண்டியில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, மேல் கியரில் கிளட்சை மெதுவாக விட்டால் திணறி நின்றுவிடும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் நிற்கும்.

கவலைப்பட வேண்டிய விஷயங்கள் வேறு. ஒன்று பேட்டரி. இன்ஜின் நின்றாலும் சுவிட்ச் ஆனிலேயே இருப்பதால் கரன்ட் போய்க்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க விட்டால் காலையில் செல்ஃப் எடுக்காது. ஃபியூஸைக் கழற்றினால் தீர்ந்தது, ஆனால் என் வண்டியில் ஃபியூஸும் பேட்டரியும் சைடு பேனலுக்குள் இருக்கின்றன, அந்தப் பேனலைத் திறக்கவும் அதே சாவிதான். இன்னொன்று பெட்ரோல். டேங்க் மூடியும் திறக்காது என்பதால் உள்ளே இருக்கிற பெட்ரோலுக்குத்தான் ஓட்டம். எல்லாவற்றையும்விடப் பெரியது, ஆனில் நிற்கிற வண்டியை யார் வேண்டுமானாலும் உதைத்து எடுத்துக்கொண்டு போகலாம். ஹேண்டில் லாக்கும் போட முடியாது. ஆகவே கூட யாராவது இருந்தால் ஒருவர் வண்டியை விட்டு நகரக் கூடாது. தனியாக இருந்தால் கடைக்குள் போவதற்கு முன்னால் ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கிச் சக்கரத்தில் கோத்துவிட வேண்டும்.

நாங்கள் நேராகத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாவி போடுகிறவரிடம் போனோம். ஒரு குடை, ஒரு மரப்பெட்டி, அதில் பொருத்திய சின்ன வைஸ், கம்பியில் கோத்துத் தொங்கும் வெட்டாத சாவிகள். அவ்வளவுதான் கடை. விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "ஆர்.சி. இருக்கா தம்பி?" என்று. போனில் டிஜிலாக்கரைத் திறந்து காட்டினேன். வண்டி நம்பரோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் எழுந்து வந்தார். சாவி இல்லாத வண்டிக்குச் சாவி போடுகிறவர் ஆர்.சி. கேட்க வேண்டும், கேட்காதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். இன்றைக்கு நமக்குக் கேட்காமல் போட்டுக் கொடுக்கிறவர், நாளைக்கு நம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவனுக்கும் கேட்காமல் போட்டுக் கொடுப்பார்.

வந்தவர் பெட்டியில் கிடந்த, வேறு ஏதோ வண்டியின் பழைய சாவி ஒன்றை எடுத்து உள்ளே விட்டுத் திருப்பினார். இன்ஜின் நின்றது. எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. "பாத்தீங்களா, இந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி விட்டாலும் திரும்பும். உள்ள எல்லாம் தேஞ்சு போச்சு. அதான் உங்க சாவிய வெளிய துப்பிருச்சு" என்றார்.

அப்புறம் அவர் விளக்கியதைக் கேட்ட பிறகுதான் பைக் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று எனக்குச் சரியாகப் புரிந்தது. நாம் சாவி விடுகிற உருளைக்குள் வரிசையாக மெல்லிய தகடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு ஓட்டை. அதன் வழியாகத்தான் சாவி போகிறது. ஒவ்வொன்றையும் ஒரு குட்டி ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருக்கும். சாவி இல்லாதபோது தகடுகள் உருளையைவிட்டு வெளியே நீட்டி, சுற்றியிருக்கும் கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் உருளை திரும்பாது. சரியான சாவி போனால் அதன் மேடு பள்ளங்கள் ஒவ்வொரு தகட்டையும் அதனதன் அளவுக்கு இழுத்து, உருளையோடு சமமாக நிறுத்திவிடும். உருளை திரும்பும். திரும்பிய பிறகு தகடுகளுக்கு வெளியே நீட்ட இடமே இல்லை. அவை சாவியின் பள்ளங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஓடுகிற வண்டியில் சாவியை உருவ முடியாததற்குக் காரணம் இதுதான். தினமும் பலமுறை சாவி போய் வந்து, சாவியின் மேடும் தேய்ந்து, தகட்டின் விளிம்பும் தேய்ந்துவிட்டால் அந்தப் பிடி போய்விடும். கூடவே கனமான சாவிக் கொத்து தொங்கினால், ஒவ்வொரு குலுக்கலும் சாவியைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும்.

இது ஒரே நாளில் வருவதில்லை. இக்னிஷனில் வழுக்கிக்கொண்டு போகும் சாவி, டேங்க் மூடியில் மட்டும் அசைத்து அசைத்து விட்டால்தான் திறக்கும். டேங்கைப் பெட்ரோல் போடும்போதுதான் திறக்கிறோம், அதன் தகடுகள் இன்னும் புதிது மாதிரியே இருக்கும். தேய்ந்த சாவியை அவை ஏற்காது. உங்கள் வண்டியில் இப்படி இருந்தால், அல்லது வண்டி ஓடும்போது சாவியைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தால், சாவி தொலைவதற்கு முன்னாலேயே பூட்டைக் கவனித்துவிடுங்கள்.

சாவி போடுகிறவருக்கு உதவியதும் இந்த வித்தியாசம்தான். சாவி ராவுவதற்கு இக்னிஷன் பூட்டை அவர் தொடவே இல்லை. நேராக சைடு பேனல் பூட்டுக்குப் போனார். அதில் தகடுகள் குறைவு, தேய்மானமும் இல்லை. வெட்டாத சாவி ஒன்றை எடுத்து, அதன் விளிம்பை அரத்தால் லேசாக ராவிப் பளபளப்பாக்கினார். உள்ளே விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இறுக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எனக்கும் காட்டினார். பளபளப்பான விளிம்பில் ஊசி முனை அளவுக்கு மங்கலாகத் தடங்கள். தகடு சாவியை அழுத்திய இடங்கள் அவை. அந்த இடத்தில் மட்டும் அரத்தை இரண்டு இழுப்பு இழுத்து, திரும்பவும் உள்ளே விட்டு, திருப்பி, எடுத்துப் பார்த்தார். ஒரு தகடு சமமாகிவிட்டால் அந்த இடத்தில் தடம் விழாது. அங்கே அதற்கு மேல் ராவக் கூடாது. கொஞ்சம் அதிகமாக ராவிவிட்டால் அந்தச் சாவி அவ்வளவுதான், புதிதாக இன்னொன்றில் ஆரம்பிக்க வேண்டும். இப்படியே போய் பேனல் 'டக்'கென்று திறந்தது. அதே சாவியை டேங்க் மூடிக்குக் கொண்டு போய், அங்கே கூடுதலாக இருந்த தகடுகளுக்கும் பள்ளம் போட்டார். கடைசியாக இக்னிஷனில் விட்டுத் திருப்பினார். மூன்று பூட்டும் ஒரே சாவியில் திறந்தன. 300 ரூபாய் வாங்கினார். அந்தக் கைவேலையைப் பார்த்த எனக்கு அது குறைவாகத்தான் தெரிந்தது.

வேலை செய்துகொண்டே அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். நாகல்நகரில் பூட்டுப் பட்டறையில் மாங்காய்ப் பூட்டு செய்தவராம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அலிகார் பூட்டுகளோடு விலையில் போட்டி போட முடியாமல் பட்டறைகள் குறைந்துகொண்டே வருவதும் தெரியும். பட்டறையில் அரம் பிடித்துப் பழகிய கைகள் இப்போது இப்படிக் குடைக்கடியில் பைக் சாவி ராவிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கை இல்லாவிட்டால் எனக்கு அன்றைக்குக் கிடைத்திருக்கும் யோசனை, 'வயரை வெட்டி ஜாயின்ட் பண்ணிக்கலாம்' என்பதுதான். செக்போஸ்ட் பக்கம் ஒருவர் அதைத்தான் சொன்னார். தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். வயரை வெட்டினால் இன்ஜின் ஓடலாம், ஆனால் ஹேண்டில் லாக் போடவோ எடுக்கவோ முடியாது, டேங்க் மூடியும் அப்படியே பூட்டித்தான் கிடக்கும். டேப் சுற்றிய ஜாயின்ட்டில் மழைத் தண்ணீர் இறங்கி, பிறகு எங்கே ஷார்ட் ஆகிறது என்று தேடி அலைய வேண்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகுவதும் கூடாது. தகடுகள் வளைந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பூட்டை வைத்துச் சாவி போடவே முடியாது.

சாவி வந்துவிட்டது, இனி பூட்டையும் மாற்ற வேண்டுமா? இதற்கு எல்லா வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது. பூட்டு நல்ல நிலையில் இருந்து, சாவி ஆற்றிலோ கிணற்றிலோ போயிருந்தால் புதுச் சாவி போதும். வீட்டுப் பக்கத்திலோ, வேலை பார்க்கிற இடத்திலோ, தினமும் வண்டி நிறுத்துகிற ஸ்டாண்டிலோ தொலைந்திருந்தால் பூட்டை மாற்றுவதுதான் நல்லது. சாவி யார் கைக்குப் போனதோ அவருக்கு வண்டியும் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. செலவு குறைய வேண்டும் என்றால், பூட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் தகடுகளின் வரிசையை மாற்றிப் போட்டு அதற்குப் புதுச் சாவி வெட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய சாவியால் அதற்குப் பிறகு பூட்டைத் திருப்ப முடியாது. என் வண்டியில் தகடுகளே தேய்ந்துவிட்டதால் அந்த வழி இல்லை. லாக் செட் மாற்றினேன்.

லாக் செட் என்றால் இக்னிஷன், டேங்க் மூடி, சைடு பேனல் மூன்றும் ஒரே சாவியில் வரும். கூட இரண்டு சாவிகள். கம்பெனி ஸ்பேர் எனக்கு ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் ஆனது, மாட்டும் கூலி தனி. இதில் பாதி விலைக்கும் கிடைக்கிறது. நான் கம்பெனி செட்டுக்குப் போனதற்குக் காரணம் டேங்க் மூடிதான். மூடியின் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் ஐப்பசி மழையில் டேங்குக்குள் தண்ணீர் இறங்கும், வண்டி நடுவழியில் இருமிக்கொண்டு நிற்கும். இக்னிஷனை மட்டும் மாற்றிவிட்டு, அதற்கு ஒரு சாவி, டேங்குக்கு ஒரு சாவி என்று வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பணம் மிச்சம்தான், ஆனால் பங்க்கில் நிற்கும்போது அந்த இரண்டாவது சாவி வீட்டில் இருக்கும்.

மெக்கானிக் மாட்டி முடித்ததும் அங்கேயே நின்று பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. ஹேண்டிலைத் திருப்பி ஹேண்டில் லாக் முழுசாக விழுகிறதா, தடையில்லாமல் விடுகிறதா என்று பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். திருப்பும்போது இன்ஜின் தானாக ரெய்ஸ் ஆனாலோ, அணைந்தாலோ, ஹெட்லைட் விட்டுவிட்டு எரிந்தாலோ, கேபிளோ வயரோ எங்கேயோ நெருக்கப்பட்டிருக்கிறது. ஹெட்லைட்டைக் கழற்றி வேலை செய்த பிறகு இது அடிக்கடி நடக்கும். வளைவில் திரும்பும்போது தெரிய வருவதைவிடப் பட்டறையிலேயே தெரிந்துவிடுவது மேல்.

புதுப் பூட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் தூசி ஒட்டி, சேறாகித் தகடுகளைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் கரியைச் சாவியின் மேல் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு எடுத்தால் போதும். பைக் சாவியோடு வேறு சாவிகளைச் சேர்க்காதீர்கள்.

ஹேண்டில் லாக் போட்டு நிற்கிற வண்டிக்குச் சாவி தொலைந்தால் கதை வேறு. வண்டியைத் தள்ளவே முடியாது, முன் சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். முன்னால் தூக்கிக்கொண்டு நகர்த்துகிறேன் என்று இறங்கினால் முதுகுதான் போகும். சாவி போடுகிறவரை வண்டி நிற்கிற இடத்துக்கே வரச் சொல்லுங்கள், வந்து போகும் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அவர் வர முடியாத ஊர் என்றால் குட்டியானையில் ஏற்றிக் கொண்டு போகலாம். ஆக்டிவா மாதிரி வண்டிகளில் சாவித் துவாரத்தை மூடும் காந்த ஷட்டர் இருக்கிறது; ஷட்டர் மூடியிருந்தால் துவாரத்தையே பார்க்க முடியாது, சாவியின் தலையில் காந்தம் சரியாக அமைந்திருந்தால்தான் அது திறக்கும். ஆகவே போன் பண்ணும்போதே எந்த வண்டி, ஷட்டர் மூடியிருக்கிறதா என்று சொல்லிவிடுங்கள். 2023-இல் வந்த ஆக்டிவா எச்-ஸ்மார்ட் போன்ற ஸ்மார்ட் சாவி வண்டிகள் குடைக்கடி வேலைக்கு அப்பாற்பட்டவை. புதுச் சாவியை வண்டியின் எலெக்ட்ரானிக்ஸோடு பதிவு செய்ய வேண்டும், ஷோரூம்தான் வழி, செலவும் அதிகம். அந்த வண்டிகளில் இரண்டாவது சாவியைப் பத்திரமாக வைப்பது இன்னும் முக்கியம்.

புது வண்டி வாங்கும்போது சாவிகளோடு ஒரு எண் வரும். சில வண்டிகளில் சின்னத் தகட்டில் இருக்கும், சிலவற்றில் சாவியிலேயே பொறித்திருக்கும். சாவியின் வெட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான எண் அது. பல கம்பெனிகளில் அந்த எண்ணைக் கொடுத்துப் புதுச் சாவி தருவிக்க முடியும். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் வெட்டுவார்கள். எண்ணை வைத்து வெட்டினால் முதல் நாள் சாவி எப்படி இருந்ததோ அப்படிக் கிடைக்கும். எண்ணைப் படம் எடுத்து மெயிலில் வைத்துவிட்டு, தகட்டைப் பீரோவில் வையுங்கள். சாவியோடு சேர்த்துத் தொங்கவிட்டால் சாவி போகும்போது எண்ணும் போய்விடும். இரண்டாவது சாவியை அன்றாடம் எடுக்காதீர்கள். பின்னால் டூப்ளிகேட் போட வேண்டி வந்தால் அதைக் கொடுத்துத்தான் போட வேண்டும்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் நம்பர் பிளேட் மாதிரியே குட்டியாகச் செய்து, வண்டி எண்ணை எழுதி சாவிக் கொத்தில் மாட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வண்டி ஸ்டாண்டில் அந்தச் சாவி கீழே விழுந்தால், எடுத்தவருக்கு எந்த வண்டி என்று அதுவே சொல்லிவிடும். சாவி திரும்பி வர வேண்டும் என்றால் போன் நம்பர் மட்டும் போதும்.

என் வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கொடுத்தவரிடமே ஒரு சாவிதான் இருந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் லாக் செட்டுக்கான காசைக் குறைத்துப் பேசுங்கள். இது வெறும் வசதிக்காகச் சொல்வதில்லை. வண்டி திருடு போய் இன்சூரன்ஸ் கேட்டால், கம்பெனிக்காரர்கள் அசல் சாவிகள் எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒரு சாவி குறைந்தால், வண்டியில் சாவியை விட்டுவிட்டுப் போனீர்களா, யாரிடமாவது கொடுத்தீர்களா என்ற கேள்வியில் போய் நிற்கும். தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் திருட்டுக்கு எப்படியும் பணம் வராது. முழு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் சாவி தொலைந்த உடனே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

நான் தாலுகா போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனு எழுதிக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். தேதி, வழி, வண்டி எண், தொலைந்தது ஒரே சாவி என்பது வரைக்கும் மனுவில் எழுதினேன். அந்த ரசீதையும், லாக் செட் பில்லையும், புதுச் சாவிகள் இரண்டின் படத்தையும் சேர்த்து, பாலிசி எண்ணைத் தலைப்பில் போட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை பாலிசியோடு சேர்த்துப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக் கதவுப் பூட்டையும் அந்த வாரத்திலேயே மாற்றிவிட்டேன்.